எம்ஆர்ஐ நார்மல் என்றால் குரல் நெரிபடுவது மனப்பிரச்சினையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். அக்கா பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாகப் பேசும்போது குரல் நெரிபட்டு, சொல்லின் நடுவில் அறுந்து அறுந்து வருகிறது. போனில் பேசினால் இன்னும் மோசம். சிரித்தால் மட்டும் பழைய குரல் தெளிவாகக் கேட்கிறது. ஒரு டாக்டர் ‘ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா, மூளை சம்பந்தப்பட்டது’ என்றார். எம்ஆர்ஐ எடுத்தீர்கள், நார்மல் என்று வந்தது. இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு ‘மனசுல ஏதோ இருக்கு, கவுன்சிலிங் போங்க’ என்றார். மூளை நோய் என்றால் படத்தில் ஏன் தெரியவில்லை, மூளைப் பட ஆராய்ச்சி இதில் உண்மையில் எதைக் கண்டுபிடித்திருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

இந்த நோயில் எம்ஆர்ஐ நார்மலாக வருவதுதான் வழக்கம். அதை வைத்து ‘மூளையில் ஒன்றுமில்லை, ஆகவே மனசு’ என்று முடிவு கட்டுவது தவறு. எம்ஆர்ஐ எடுத்தது வீண் என்று சொல்லவில்லை. பக்கவாதம், கட்டி, நரம்புறை சிதையும் நோய்கள் போன்றவை இல்லை என்று உறுதி செய்ய அது வேண்டும். ஆனால் மருத்துவமனையில் எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐ மூளையின் உருவத்தைக் காட்டுவது. அக்காவுக்குச் சொன்ன நோய், தசைகள் நம் விருப்பத்தை மீறி இறுகும் டிஸ்டோனியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் கண்ணுக்குத் தெரியும்படி உருவம் கெடுவதில்லை, வேலை கெடுகிறது. வீட்டு வரைபடத்தைப் பார்த்து, சுவருக்குள் ஓடும் ஒயரில் கரண்ட் சரியாக வருகிறதா என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

சிரித்தால் குரல் தெளிவாக வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, நோயின் தன்மையே அதில்தான் இருக்கிறது. இதற்கு இப்போது ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் பெயர் குரல்வளை டிஸ்டோனியா. குரல்நாண்களை இயக்கும் தசைகள் பேசும்போது மட்டும், நம் விருப்பத்தை மீறி இறுகும். இரண்டு முக்கிய வகை. பெரும்பாலோருக்கு வருவது, நாண்கள் ஒன்றோடொன்று இறுக மூடிக்கொண்டு குரலை நெரிக்கும் வகை. சிலருக்கு நேர்மாறாக, நாண்கள் திடீரென்று விலகி, பாதிச் சொல்லில் குரல் போய்க் காற்று மட்டும் வரும். குரல் மருத்துவத்தில் இருப்பவர்கள் இரண்டையும் பிரிக்க வாக்கியங்கள் சொல்லச் சொல்லுவார்கள். ‘அம்மா ஆடி அமாவாசைக்கு ஊர் வருவா’ மாதிரி உயிரெழுத்தும் நாண்கள் அதிர்ந்து வரும் ஒலிகளும் நிறைந்த வாக்கியத்தில் முதல் வகைக்காரர்கள் திணறுவார்கள். ‘பாட்டி கூப்பிட்டு காப்பி கேட்டா’ மாதிரி வல்லொலிகள் அடுக்கடுக்காக வரும் வாக்கியத்தில் இரண்டாம் வகைக்காரர்களின் குரலில் ஓட்டை விழும். வீட்டில் அக்காவை இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நோயை இதை வைத்தே தீர்மானிக்க முடியாது. ஆனால் டாக்டர் எதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்பது உங்களுக்குப் புரியும்.

இதே ஆட்கள் சிரித்தாலும் அழுதாலும் இருமினாலும் கொட்டாவி விட்டாலும் பெரும்பாலும் குரலில் பழுது இருக்காது. கிசுகிசுத்தால் பலருக்குச் சரளமாக வரும். பாடினால் தேவலை என்பவர்கள் உண்டு. ஒரே தொண்டை, ஒரே தசை, வேலை மட்டும் வேறு. இதனால்தான் நூறு வருடம் இதை மனநோய்க் கணக்கில் எழுதினார்கள். 1871இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் டிரௌபே இதை விவரித்தபோதே ‘நரம்புத் தளர்ச்சியால் வரும் கரகரப்பு’ என்ற சாயலில்தான் எழுதினார். பிறகு வந்தவர்கள் நோயாளியின் குடும்பச் சண்டையையும் அடக்கி வைத்த கோபத்தையும் தோண்டினார்கள். 1968இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆர்னால்ட் ஆரன்சன் குழு இந்த நோயாளிகளின் மனநிலையை முறைப்படி அளந்து பார்த்து, மனநோய்க் கூறுகள் இவர்களிடம் தனியாகத் தூக்கலாக இல்லை என்று காட்டியது. 1976இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹெர்பர்ட் டீடோ குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்றை வெட்டினார். குரல் உடனே தளர்ந்தது, ஆனால் பலருக்குச் சில வருடங்களில் நெரிப்பு திரும்பி வந்தது. இந்தத் திரும்பி வரும் குணத்தைக் கவனியுங்கள்: ஒரு கம்பியை வெட்டினாலும் மேலிருந்து வரும் தவறான கட்டளை மாறவில்லை. 1984இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் குரல்நாண் தசையில் முதன்முதலாக, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் நச்சு ஊசி போட்டார். இன்றும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுதான் முதல் சிகிச்சை.

சிரிப்புக்கும் பேச்சுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரே வழி இல்லை என்பதால். சிரிப்பு, அழுகை, வலியில் வரும் முனகல் எல்லாம் மூளையின் நடுப்பகுதியில், மூளைத்தண்டின் மேற்புறத்தில் இருக்கும் பழைய சுற்று வழியாக வருபவை. எல்லாப் பாலூட்டிகளுக்கும் அது உண்டு. ஜெர்மனியில் உவே யூர்கன்ஸ் குழு குரங்குகளில் குரல்வளைக்கான பெருமூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, இரண்டு பக்கமும் சேதப்படுத்திப் பார்த்தது. குரங்கின் கத்தல் மாறவில்லை. மனிதருக்கு அந்தப் புறணிப் பகுதி இரண்டு பக்கமும் பழுதானால் பேச்சே போய்விடும். காரணம், மனிதரில் அந்தப் புறணியிலிருந்து மூளைத்தண்டில் குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேராக நார்கள் இறங்குகின்றன. கற்றுக்கொண்ட, நாமாக நினைத்துச் செய்யும் குரலுக்கான பாதை இது. இந்தப் பகுதி புறணியில் சரியாக எங்கே இருக்கிறது என்பதே 2008இல் ஸ்டீவன் பிரவுன் குழுவின் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ) ஆய்வில்தான் தெளிவானது. உதட்டுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறது.

உங்கள் அக்காவுக்குப் பழுது இந்தப் பாதையிலும், அதற்குத் தகவல் தரும் சுற்றுகளிலும் இருக்கிறது. பழைய சுற்று நன்றாகவே வேலை செய்கிறது. சிரிப்பு தெளிவாக இருப்பது ‘நடிப்பு’க்கு ஆதாரம் என்று யாராவது சொன்னால், அது உண்மையில் நரம்பியல் காரணத்தின் பக்கம் நிற்கும் அடையாளம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி படம் பிடிக்கும் கதை. பேசும் மூளையைப் படம் பிடிப்பது மிகவும் சிரமமான வேலை. எஃப்எம்ஆர்ஐ இயந்திரம் நரம்பணுவின் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. ஓர் இடம் சுறுசுறுப்பானால் அங்கே ரத்தம் கூடுதலாக ஓடுகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா காட்டிய அந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறார்கள். பேசினால் தாடையும் தலையும் அசையும், மூச்சு மாறும், படம் குலையும். மேலும் இயந்திரம் போடும் இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காது. குரல் நோயாளிக்குத் தன் குரல் கேட்காவிட்டால் ஆய்வே வேறாகிவிடும், ஏனென்றால் இரைச்சலில் எல்லோருமே குரலை உயர்த்தி, இறுக்கிப் பேசுவோம்.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். மூளையில் ரத்த ஓட்டம் கூடுவது செயலுக்கு நாலைந்து விநாடி தாமதமாகத்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அமைதியில் பேச வைத்து, பேசி முடித்த பிறகு படம் எடுத்தால் போதும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார், தலை இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அசையாமல் இருக்கும். ஹெட்போனில் மூன்று நான்கு விநாடி ஒரு வாக்கியம் கேட்கும். அம்புக்குறி தெரிந்ததும் ஐந்து விநாடிக்குள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு விநாடி இயந்திரம் தடதடக்கும், முழு மூளையும் ஒருமுறை படமாகும். மறுபடி அமைதி, மறுபடி வாக்கியம். நடுநடுவே ஒன்றும் சொல்லாமல் சும்மா கிடக்கும் சுற்றுகளும் வரும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒரு தடவை எடுத்த படத்தில் இரைச்சலே அதிகம். பல பத்துச் சுற்றுகளின் சராசரியில்தான் ஏதாவது தெரியும். அதுவும் ஒருவரின் படத்தை வைத்துப் பேச முடியாது. நோயாளிகள் ஒரு குழு, அதே வயதில் ஆரோக்கியமானவர்கள் ஒரு குழு, இரண்டு குழுக்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் கணக்கிடுகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் நீங்கள் பார்க்கும் சிவப்பு மஞ்சள் புள்ளிகள் ஒரு மனிதரின் மூளை அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தவற்றுக்கு வருவோம். 2005இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஹாஸ்லிங்கர் குழு, நெரிப்பு வகை நோயாளிகளிடம் குரல்வளைக்கான உணர்வு, இயக்கப் பகுதிகளின் சுறுசுறுப்பு குறைவாக இருப்பதைப் பார்த்தது. குரல் எழுப்பும்போது மட்டுமல்ல, அறிகுறியே இல்லாத கிசுகிசுப்பிலும் குறைவு. போட்டுலினம் ஊசிக்குப் பிறகு குரல் சரியானாலும் மூளையின் படம் மாறவில்லை. அடுத்த வருடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கிறிஸ்டி லட்லோ, ஆலன் பிரான் ஆகியோர் இருந்த குழு பெட் ஸ்கேன் ஆய்வை வெளியிட்டது. கதிரியக்க ஆக்ஸிஜன் கலந்த நீரை ரத்தக்குழாயில் செலுத்தி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் முறை அது. அதன் கதிரியக்கம் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும், இயந்திரமும் சத்தம் போடாது, நோயாளி இயல்பாகப் பேசலாம். அவர்கள் கண்டது: ஊசிக்கு முன் பல புலன் தகவல்களைச் சேர்த்துக் கோக்கும் பகுதிகள் மந்தம். ஊசிக்குப் பின் அவை தெளிந்தன, இயக்கப் பகுதிகள் சில அடங்கின. பிறகு 2010இல் கிறிஸ்டினா சிமோனியனும் லட்லோவும் வெளியிட்ட எஃப்எம்ஆர்ஐ ஆய்வில் முதன்மை உணர்வுப் புறணியில் சுறுசுறுப்பு குறையவில்லை, கூடியிருந்தது. அதுவும் அறிகுறி வரும் பேச்சிலும், வராத முனகல், இருமலிலும்.

ஒரு ஆய்வில் குறைவு, இன்னொன்றில் அதிகம். ஊசி மூளையை மாற்றுகிறது என்கிறது ஒன்று, மாற்றவில்லை என்கிறது மற்றொன்று. நெட்டில் தேடினால் இந்த முரண் உங்களைக் குழப்பும், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன். குழுக்கள் சிறியவை. கொடுத்த வேலைகள் வேறு: ஒருவர் ஓர் உயிரொலியை இழுக்கச் சொன்னார், இன்னொருவர் முழு வாக்கியம் சொல்ல வைத்தார். ஊசி போட்டு எத்தனை வாரத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். கூடுதலா குறைவா என்பதில் நான் அதிகம் நம்பிக்கை வைக்க மாட்டேன். ஆனால் இந்த ஆய்வுகள் மூன்றும் சுட்டும் இடம் ஒன்றுதான். கோளாறு தசைக்குக் கட்டளை போடும் இடத்தில் மட்டும் இல்லை. தொண்டையிலிருந்து வரும் உணர்வையும், காதில் விழும் தன் குரலையும் வாங்கிக் கணக்குப் போடும் இடங்களிலும் இருக்கிறது. அறிகுறி இல்லாத நேரத்திலும் இருக்கிறது. பேச்சுத் திணறலால் மட்டும் வந்த விளைவு என்று இதை ஒதுக்க முடியாமல் போவது அதனால்தான். எழுதும்போது மட்டும் கை பிசகும் எழுத்தாளர் பிடிப்பு, இசைக்கலைஞர்களுக்கு வாசிக்கும்போது மட்டும் விரல் மடங்கிக்கொள்வது ஆகியவையும் இதே டிஸ்டோனியா குடும்பம். அங்கேயும் உணர்வுப் புறணியில் கோளாறு பார்க்கப்பட்டிருக்கிறது.

எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகப் படுவது 2008இல் சிமோனியன் குழு வெளியிட்ட ஆய்வு. மூளையின் வெண்பகுதியில் ஓடும் நார்க்கட்டுகளில் நீர் மூலக்கூறு எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்று அளக்கும் எம்ஆர்ஐ முறை ஒன்று உண்டு. நார்கள் சீராக, நெருக்கமாக இருந்தால் நீர் நார் ஓடும் திசையிலேயே நகரும். நார் குறைந்தாலோ உறை மெலிந்தாலோ அந்த ஒழுங்கு குறையும். இருபது நோயாளிகளை இருபது ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டார்கள். பெருமூளைப் புறணியிலிருந்து முகம், தொண்டை, குரல்வளைக்கு இறங்கும் நார்கள் ஒரு வளைவில் சேர்ந்து வரும் இடத்தில், வலது பக்கத்தில், ஒழுங்கு குறைந்திருந்தது. அதோடு நிற்காமல், இறந்த பிறகு மூளையைத் தானம் செய்த ஒரு நோயாளியின் அதே இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நார்களின் அடர்த்தியும் உறையும் குறைந்திருந்தன. ஒரே ஒரு மூளைதான், அதை வைத்து எல்லோருக்கும் பொது விதி எழுத முடியாது. ஆனாலும் படத்தில் கண்ட இடத்தில், திசுவிலும் கையில் பிடிக்கிற மாதிரி மாற்றம் கிடைத்தது. ‘மனசுல ஏதோ இருக்கு’ என்பவருக்குக் காட்ட இதைவிட நேரடியான ஆதாரம் தேவையில்லை. அந்த மூளையைக் கொடுத்த குடும்பத்துக்கு இந்த நோயாளிகள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

2013இல் சிமோனியன், நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமினை பெட் மூலம் பார்த்தார். மூளையின் ஆழத்தில் இயக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான அடிக்கருக்களில் டோபமின் ஏற்பிகள் நோயாளிகளிடம் ஓய்விலேயே குறைவாகத் தெரிந்தன. அறிகுறி வரும் பேச்சின்போது டோபமின் வெளியீடு குறைந்தது. சம்பந்தமில்லாத விரல் தட்டும் வேலையிலோ அது கூடியது. ஆக, ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்கும் நோய் இல்லை இது. புறணி, அடிக்கருக்கள், சிறுமூளை, இவற்றை இணைக்கும் நார்கள் என்று ஒரு வலைப்பின்னலே சுதி மாறி ஓடுகிறது.

இது எதனால் ஆரம்பிக்கிறது என்று படங்கள் இன்னும் சொல்லவில்லை. சிலருக்குக் குடும்பத்தில் மரபணு மாற்றம் இருக்கிறது, பலருக்கு இல்லை. பல வருடம் திணறிப் பேசினால் மூளையும் அதற்கேற்ப மாறும், ஆகவே பார்த்த மாற்றங்களில் எது வேர், எது விளைவு என்று பிரிப்பது கடினம்.

‘அப்படியானால் அந்த ஸ்கேனை அக்காவுக்கும் எடுக்கலாமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். 2020இல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் கண் காது மருத்துவமனையில், வாலெரியானி, சிமோனியன் இருவரும் ‘டிஸ்டோனியாநெட்’ என்ற செயற்கை நுண்ணறிவு முறையை வெளியிட்டார்கள். சாதாரண எம்ஆர்ஐ படத்தையே கொடுத்தால், மனிதக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்பு வேறுபாடுகளை வைத்து டிஸ்டோனியா உண்டா இல்லையா என்று ஒரு விநாடிக்குள் சொல்லும். குரல்வளை, கழுத்து, கண்ணிமை டிஸ்டோனியா நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களுமாக 612 பேரின் படங்களில் 98.8 சதவீதம் சரியாகச் சொன்னது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டன. உங்கள் பிரச்சினைக்கு அந்த எண் பதில் தராது என்பது என் கருத்து. அங்கே ஒப்பிட்டது நோயாளியை ஆரோக்கியமானவரோடு. உங்கள் அக்கா ஆரோக்கியமாக இல்லை என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிகிறது. டாக்டரின் குழப்பம் வேறு: இது டிஸ்டோனியாவா, குரல் நடுக்கமா, அல்லது தப்பாக அழுத்திப் பேசிப் பழகியதால் வரும் தசை இறுக்கமா? மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்த இயந்திரம்தான் வேண்டும். அது தயாராகி, பல ஊர்களில், பல இயந்திரங்களில் சோதிக்கப்படும் வரை காசு கொடுத்து விசேஷ ஸ்கேன் எடுக்க அலைய வேண்டாம்.

சிகிச்சைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தரவில்லையா என்றால், தர ஆரம்பித்திருக்கிறது. சில நோயாளிகளுக்கு மது அருந்தினால் கொஞ்ச நேரம் குரல் தெளியும் என்பது பழைய அனுபவம். மது ஒரு மருந்து ஆகாது, அந்த வழிக்குப் போகவே கூடாது. ஆனால் அதிலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. மூளையில் அதே மாதிரியான அடக்கும் விளைவைத் தரும் சோடியம் ஆக்ஸிபேட் என்ற மருந்தை, மதுவுக்குக் குரல் தெளிபவர்களிடம் சோதித்தார்கள். 2018இல் வெளியான எஃப்எம்ஆர்ஐ ஆய்வு, அந்த மருந்து சிறுமூளை உட்பட வலைப்பின்னலின் மிகைச் சுறுசுறுப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. இது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்து, பழக்கமாகும் அபாயம் உண்டு. கனடாவின் வான்கூவரில் கிறிஸ்டோபர் ஹனி குழு, மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்னும் பகுதியில் மின்முனை பொருத்தி ஆறு நெரிப்பு வகை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து 2021இல் வெளியிட்டது. மின்தூண்டலைப் போட்டபோதும் நிறுத்தியபோதும் குரலை ஒப்பிட்டார்கள், போட்டபோது தேறியது. ஆறு பேர்தான். மூளை அறுவை சிகிச்சை என்பதால் இப்போதைக்கு யாருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் தசையைத் தொடாமலே குரல் மாறியது என்பது, நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் படங்கள் சொன்ன பதிலோடு பொருந்துகிறது.

ஆகவே அக்காவுக்கு இப்போது செய்ய வேண்டியவை. இன்னொரு எம்ஆர்ஐ வேண்டாம். குரலில் அனுபவமுள்ள ஈ.என்.டி. மருத்துவர், பேச்சு சிகிச்சையாளர், இயக்கக் கோளாறு பார்க்கும் நரம்பியல் மருத்துவர் மூவரும் ஒரே இடத்தில் அல்லது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்படி கிடைத்தால் நல்லது. மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, அக்கா வாக்கியம் பேசும்போதும் கிசுகிசுக்கும்போதும் சிரிக்கும்போதும் நாண்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய் வழியாக விறைப்பான குழாயை விட்டு ‘ஈ’ மட்டும் சொல்ல வைத்தால் இந்த நோய் நழுவிவிடும், ஏனென்றால் இழுத்துச் சொல்லும் ஓர் ஒலியில் பிடிப்பு தெரியாமல் போகலாம். போகும்போது போனில் பதிவு செய்து கொண்டு போங்கள்: வகுப்பில் பேசும் குரல், போன் பேச்சு, சிரிப்பு. டாக்டர் அறையில் குரல் அன்றைக்குப் பார்த்து நன்றாக இருந்துவிடுவது சகஜம்.

தசை இறுக்கமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சில வாரம் குரல் பயிற்சி கொடுத்துப் பார்ப்பார்கள். தசை இறுக்கம் அதில் நன்றாகத் தேறும், டிஸ்டோனியா தனியாக அதில் தேறாது. அந்த வித்தியாசமே ஒரு சோதனை. டிஸ்டோனியா என்று உறுதியானால், கழுத்து வழியாக ஊசியில் போட்டுலினம் நச்சு மிகச் சிறிய அளவில் போடுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாக, பலவீனமாக இருக்கும். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறலாம், சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க வேண்டும். பிறகு குரல் தெளிந்து, சுமார் மூன்று நான்கு மாதம் தாங்கும், திரும்பப் போட வேண்டிவரும். ஆசிரியை என்பதால், முதல் ஊசியைப் பள்ளி விடுமுறை தொடங்கும்போது போட்டுக்கொள்வது வசதி.

கவுன்சிலிங் பற்றி ஒரு வார்த்தை. குரல் போன ஆசிரியைக்கு மனச்சோர்வு வருவது இயல்பு, அதற்கு உதவி தேவைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். டென்ஷன் ஆனால் குரல் மோசமாவதும் உண்மைதான், பார்க்கின்சன் நடுக்கமும் டென்ஷனில் கூடும், அதனால் பார்க்கின்சனை யாரும் மனநோய் என்பதில்லை. அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கில் இந்த நோயாளிகளுக்குச் சரியான பெயர் கிடைக்கவே சராசரியாக நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. உங்கள் அக்காவுக்கு இரண்டு வருடத்தில் ஒரு டாக்டர் சரியான திசையைக் காட்டியிருக்கிறார். அவரிடமே திரும்பிப் போங்கள்.